மெர்சோவில் புகை போட்டவன்

எங்கள் ஊரில் 'ஒயின்ஸ்' என்று போர்டு மாட்டிய கடைகளுக்குக் குறைவில்லை. உள்ளே பிராந்தி இருக்கும், விஸ்கி இருக்கும், பீர் இருக்கும். ஒயின் கேட்டால் மட்டும் கடைக்காரன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, பிரான்ஸ் தேசத்து வெள்ளை ஒயினைப் பற்றி இங்கிலீஷில் எழுதியே ஒருவன் குடும்பம் நடத்தினான். பெயர் ரகுராம். திருப்பதிக்காரன். நெற்றியில் பளிச்சென்று திருமண், வீட்டில் வெங்காயத்துக்குக்கூட அனுமதி கிடையாது. ஒயினை அவன் நாக்கில் வைத்ததே இல்லை.

நான் மணிவேல், சத்தியவேடு பக்கத்து ஆள், ரேணிகுண்டா விமான நிலையத்தில் வாடகைக் கார் விடுகிறவன். எனக்கும் அவனுக்கும் எப்படி ஒட்டிற்று என்று பலரும் கேட்பார்கள். காலேஜில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சு. மொழிப்பாடத்துக்கு பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்று ஒரு சீனியர் சொன்னதை நம்பி இருவரும் போய் விழுந்தோம். எனக்கு மார்க் வந்தது, பிரெஞ்சு வரவில்லை. அவனுக்கு இரண்டுமே வந்தது. அதுதான் அவனைப் பிடித்த சனி.

பெங்களூரில் வெளிநாட்டு ஒயின் இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்று, பிரெஞ்சு தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சில் வரும் ஒயின் விவரங்களை இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்கிற வேலை, வீட்டில் இருந்தபடியே செய்யலாம். ரகு சேர்ந்தான். மாற்றிக் கொடுத்தவன் மெல்ல மெல்லச் சொந்தமாகவே எழுத ஆரம்பித்தான். எந்த ஒயின் எப்படி இருக்கும், என்ன வாசனை, நாக்கில் எங்கே நிற்கும், எதோடு சாப்பிடலாம் எல்லாம் எழுதினான். கம்பெனி மேனேஜர் வைஜயந்திக்கு ஒரே சந்தோஷம். ஓட்டல்காரர்கள் அவன் எழுதியதை அப்படியே மெனு அட்டையில் அச்சடித்தார்கள். அவன் அப்பா ஜகந்நாதன் கேட்டதற்கு, "திராட்சை சம்பந்தப்பட்ட கம்பெனி" என்று சொல்லி வைத்திருந்தான். பொய் என்று சொல்லிவிட முடியாது.

ருசி பார்ப்பதற்கென்று கம்பெனி அனுப்பும் பாட்டில்கள் ரேணிகுண்டா சாலை ஓட்டல் ஒன்றில் வந்து இறங்கும். அவற்றை வாங்கி அப்புறப்படுத்துகிற பொறுப்பு என்னுடையது. எப்படி அப்புறப்படுத்தினேன் என்பதை ஒயின் தெரிந்தவர்கள் கேட்காமல் இருப்பது நல்லது. மிளகுக் கோழி, ஐஸ், சோடா என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"இன்னா சாமி, குடிக்காமயே எழுதிக்கினு கீற? மாட்டிக்கினா இன்னா பண்ணுவ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எங்காத்துல தலைமுறை தலைமுறையா ருசி பாக்காமதானே சமைச்சிண்டிருக்கோம். என்னிக்காவது உப்பு கூடியிருக்கா, சொல்லு?"

"பெருமாள் எழுந்து வந்து சொல்ல மாட்டாருன்ற தைரியம்" என்றேன்.

ஆனால் அவன் சொன்னது நியாயம்தான். அவன் குடும்பம் கோயில் மடைப்பள்ளிக் குடும்பம். பெருமாளுக்கு அமுது செய்விப்பதற்கு முன்னால் சமைக்கிறவன் ருசி பார்க்கக் கூடாது, வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்குள் போவார்கள். உப்பின் அளவு கைக்குத் தெரியும். பொங்கல் வெந்த பதம் காதுக்குத் தெரியும். ஜகந்நாதன் மாமா முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி வடித்து இறக்கியவர். ரகுவும் லீவு நாட்களில் அங்கே தவலை தேய்த்து, விறகு தள்ளி வளர்ந்தவன். பண்டத்தை வாயில் வைக்காமலே அது எப்படி வரும் என்று சொல்வது அவனுக்கு ஒரு விஷயமே இல்லை. பெண்ணைப் பார்க்காமல் ஜாதகத்தை வைத்துக் குணம் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

அவனுக்கு மிகவும் பிடித்தது மெர்சோ. பர்கண்டி என்ற சீமையில் அது ஒரு கிராமம், அந்த ஊர் பெயரே ஒயினுக்கும். என் காரில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"கிழக்கு பாத்த சரிவுடா மணி. காலம்பற வெயில் மொதல்ல அங்கதான் விழும். கீழ பூரா சுண்ணாம்புக் கல்லு. கொடி அந்தக் கல்லுக்குள்ள வேரை விட்டுண்டு தண்ணிக்கு அல்லாடணும். வசதியா வளந்த கொடில நல்ல ஒயின் வராது. ஷார்தொனேன்னு ஒரே ஜாதித் திராட்சை, வேற எதுவும் கலக்கப்படாது. கையால பறிக்கணும், நசுங்காமக் கொண்டுவரணும், மெதுவாப் பிழியணும். அப்புறம் சாறு நேரா ஓக் மரப் பீப்பாய்க்குள்ள போயிடும். அங்கதான் புளிச்சு ஒயினாறது."

"கள்ளு மாதிரின்னு சொல்லு."

"சொல்லிக்கோ. ஆனா கள்ளு அன்னிக்கே தீந்துடும், இது வருஷம் பூரா பீப்பாய்ல கிடக்கும். புளிக்க வச்ச ஈஸ்ட் செத்து அடில வண்டலாப் படியும். அதைக் கொட்டிட மாட்டா. கழியை விட்டுக் கலக்கி விட்டுண்டே இருப்பா. அதுலதான் அந்த வழவழப்பு வரும். மொதல்ல பச்சை ஆப்பிள் மாதிரி வெடுக்குனு இருக்கிற புளிப்பு, கொஞ்ச நாள்ல மோர்ப் புளிப்பா அடங்கிடும். அப்போ வெண்ணெய் வாசனை எழும்பும். பீப்பாய் உள்பக்கத்தைத் தீயில வாட்டியிருப்பா, அதுனால வறுத்த பருப்பு வாசனை. இது எல்லாத்துக்கும் அடில எலுமிச்சை, மழை விழுந்த கல்லு."

எனக்கே எச்சில் ஊறும். அதே பாட்டிலை நான் சோடா ஊற்றி முடித்திருப்பேன். வெண்ணெயும் தெரிந்ததில்லை, கல்லும் தெரிந்ததில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவன் ஒரு வருஷத்து ஒயினில் கோட்டை விட்டான். அந்த வருஷம் ஏப்ரல் மாதம் மெர்சோவில் கொடிகள் துளிர் விட்ட நேரத்தில் கடுங்குளிர் அடித்து, துளிரெல்லாம் கருகும் நிலை. தோட்டக்காரர்கள் வரிசைக்கு வரிசை பெரிய மெழுகு வாளிகளை வைத்துக் கொளுத்தி, விடிய விடியக் கொடிகளைக் காப்பாற்றினார்கள். வாலோன் என்ற ஒயின்காரர் அனுப்பிய விவரத்தில் இது ஒரு வரியாக இருந்தது. மடைப்பள்ளியில் வளர்ந்தவனுக்கு அந்த ஒரு வரி போதும். விறகடுப்பில் வைத்த பண்டத்துக்குப் புகை வாசனை ஏறாமல் இருக்குமா? கோயில் பொங்கலின் பாதி ருசியே அதுதானே? எழுதிவிட்டான்: "முடிவில், தோட்டத்தில் ஏற்றிய தீயின் மெல்லிய புகை, விடைபெற மனமில்லாமல் நாக்கில் நிற்கிறது."

அடுப்புக்கும் பானைக்கும் நடுவே ஐந்து மாதமும், ஒரு கோடை மழையும், ஒரு பீப்பாயும் இருப்பதை அவன் யோசிக்கவில்லை.

யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் கூத்து. மெனு அட்டையில் புகை ஏறியதும் குடிக்கிறவர்கள் எல்லாருக்கும் புகை தெரிய ஆரம்பித்தது. குப்பம் என்ற ஊரில் கிரானைட் ஏற்றுமதி செய்யும் நாகபூஷணம், "ஸ்மோக் பக்காவா இருக்குதுப்பா" என்று ஓட்டலில் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். சென்னை, பெங்களூர் ஓட்டல்களில் புகை மெர்சோ வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். நானும் ஒரு பாட்டிலைச் சோடா இல்லாமல் முயன்று பார்த்தேன். எனக்குப் புகை தெரியவில்லை. ஆனால் என் நாக்கின் சாட்சி எந்தக் கோர்ட்டிலும் செல்லாது.

இந்த அமளியில் வாலோன் திருப்பதிக்குப் புறப்பட்டு வந்துவிட்டார். ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தன் சகோதரி மகனைப் பார்க்கவும், கூடவே தன் ஒயினைப் பற்றி எழுதுகிறவரைப் பார்க்கவும் வருவதாகச் செய்தி. வைஜயந்தி உடனே ரேணிகுண்டா சாலை ஓட்டலில் ஒரு மாலை விருந்துக்கு ஏற்பாடு செய்தாள். நாகபூஷணம் போன்ற புள்ளிகளைக் கூப்பிட்டாள். ரகுவிடம் போனில் சொன்னாள்: "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீங்க டேஸ்ட் பண்ணிப் பேசறீங்க. நல்லாப் போச்சுன்னா நீங்கதான் கம்பெனியோட தலைமை டேஸ்டர், வேலை பர்மனென்ட். இல்லேன்னா கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது, தெரியுமில்ல?"

அது ரகுவுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தச் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

வாலோனை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தது என் கார்தான். ரகு முன்னால் உட்கார்ந்தான். அறுபது வயசு ஆள், மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, சிரித்த முகம். கார் மேம்பாலம் ஏறும்போது பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ரகுவின் முகம் வெளுத்தது. எனக்கு அரைகுறையாகப் புரிந்ததை அவன் பிறகு முழுசாகச் சொன்னான்.

அவர் சொன்னது இதுதான்: "என் ஒயினில் புகை கிடையாது. ஏப்ரலில் ஏற்றுகிற தீ செப்டம்பர் திராட்சையில் எப்படி இருக்கும்? முப்பது அறுவடை பார்த்தவன் நான். அந்தப் புகையைப் போட்டது யார் என்று பார்க்கத்தான் வந்தேன். மாலையில் நாம் சேர்ந்து குடிப்போம், நீங்களே சொல்லுங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ரகுவுக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

மத்தியானம் அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது அவன் மனைவி குமுதவல்லி கதவருகிலேயே நின்றிருந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். கணவன் என்ன எழுதுகிறான், பாட்டில்கள் எங்கே போகின்றன எல்லாம் தெரிந்தவள் அவள். என்னைப் பார்த்த பார்வையிலேயே அது தெரிந்தது.

"புகை இருக்குன்னு சொல்லிட்டு வந்துடுங்கோளேன். வேலை பர்மனென்ட் ஆயிடும்" என்றாள்.

"அந்த மனுஷன் எதிர்க்க உக்காந்திருப்பார், குமுதா. அவர் பண்ணின வஸ்து. அவருக்குத் தெரியாதா?"

"அப்போ இல்லேன்னு சொல்லுங்கோ."

"குடிக்காம எப்படிச் சொல்றது?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு தீர்ப்பு சொல்கிற குரலில் சொன்னாள்: "குடிச்சுதான் ஆகணும்னா எச்சில் பண்ணாமக் குடிங்கோ. கண்ட ஓட்டல் கிளாஸ்ல வாயை வைக்காதீங்கோ. தூக்கிக் குடிச்சுட்டு வந்து ஸ்நானம் பண்ணிடுங்கோ."

இதைவிடச் சரியான ஆலோசனையை யாரும் சொல்லியிருக்க முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றிற்று.

நாலு மணிக்கு விருந்து தொடங்கியது. வெள்ளைத் துணி விரித்த மேஜை, நீளக் காம்பு வைத்த கிளாஸ்கள், நடுவில் துப்புவதற்கு வெள்ளி நிறத்தில் ஒரு வாளி. வாலோன் தானே பாட்டிலைத் திறந்து, ரொம்ப ஜில்லென்று இருந்தால் வாசனை வெளியே வராது என்று சொல்லிக் கொஞ்சம் ஆறவிட்டு, எல்லாருக்கும் ஊற்றினார். இளமஞ்சள் நிறம், வெயிலில் எலுமிச்சைச் சாறு மாதிரி. கிளாஸைச் சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட வேண்டும், ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டிவிட்டு வாளியில் துப்ப வேண்டும் என்று செய்து காட்டினார்.

நாகபூஷணம் முந்திக்கொண்டார். சுழற்றினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். "ஸ்மோக்!" என்றார். அடுத்தவரும் ஸ்மோக். அதற்கடுத்த டாக்டர், "லேட்டா வருது, ஆனா வருது" என்றார். வாலோன் ரகுவின் பக்கம் திரும்பினார்.

ரகு அந்த வாளியைப் பார்த்தான். ஊரார் எச்சிலெல்லாம் ஒரே பாத்திரத்தில் கிடந்ததைப் பார்த்த மாத்திரத்தில் அவன் உடம்பு கூசியது கதவோரம் நின்றிருந்த எனக்கே தெரிந்தது. கிளாஸின் காம்பைப் பிடித்தான், எழுந்து நின்றான், அண்ணாந்தான், உதடு படாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினான். பாதி தொண்டைக்குள் போயிற்று. மீதி கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

பிறகு நாகபூஷணம், "ஓ, இதுதான் அசல் ஸ்டைலா!" என்று எழுந்தார். அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். டாக்டரும் ஊற்றிக்கொண்டார். மேஜையைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் வரிசையாகக் கோழி தண்ணீர் குடிப்பதுபோல் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பட்டுச் சட்டைகூடத் தப்பவில்லை. போட்டோகூட எடுத்தார்கள். அந்த ஒயினின் விலை தெரிந்திருந்தால் எனக்கு நெஞ்சு வலித்திருக்கும்.

ரகு மட்டும் கண்ணை மூடியபடியே நின்றான். கண்ணைத் திறந்ததும் இன்னொரு முறை ஊற்றச் சொன்னான். அப்படிக் கேட்டது அவன்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டாவது முறையும் உதடு படாமல்தான் ஊற்றிக்கொண்டான், ஆனால் மெதுவாக, ஒரு துளி சிந்தாமல். வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு விழுங்கினான்.

"புகை இருக்கிறதா?" என்று வாலோன் கேட்டார்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைஜயந்தி, தலையை ஆட்டு ஆட்டு என்று கண்ணாலேயே சொன்னாள்.

"இல்லை" என்றான் ரகு. முதலில் பிரெஞ்சில் சொன்னான். பிறகு எல்லாருக்கும் புரிகிற மாதிரி மறுபடியும் சொன்னான். "புகை இல்லை. நான் எழுதினது தப்பு. இதுக்கு முன்னாடி நான் ஒயின் குடிச்சதே இல்லை."

வாலோன் பாய்ந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. ஆனால் நாகபூஷணத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏமய்யா, நான் இருக்குதுன்றேன், நீ யாரு இல்லேன்றதுக்கு?"

"எழுதினவன் நான்தானே சார்."

"நீ எழுதின. குடிச்சது நாங்க! ரெண்டு வருஷமா குடிச்சிக்கினு இருக்கோம்" என்று மேஜையைத் தட்டினார். பிறகு வாலோனைப் பார்த்து இங்கிலீஷில், தன் மகள் கல்யாணத்துக்கு அந்தத் தீ ஏற்றிய வருஷத்து மெர்சோவில் மிச்சம் இருப்பது முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகவும், புகை இருந்தால்தான் எடுப்பேன் என்றும் சொன்னார். வைஜயந்தி அதை இன்னும் தெளிவாக எடுத்துச் சொன்னாள்.

வாலோன் ரகுவின் கையை விட்டார். தன் கிளாஸை எடுத்தார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டு, நெடுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"ஒருவேளை... மிக லேசாக" என்றார்.

கைதட்டல் எழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாளியை எடுத்து யார் தலையிலாவது கவிழ்த்திருப்பேன். முப்பது அறுவடை பார்த்த மனுஷன்!

திரும்பும் வழியில் வைஜயந்தியும் என் காரில்தான் வந்தாள். பாவம், நல்ல பெண்தான். திட்டவில்லை. "சார், நீங்க குடிக்காத வரைக்கும் எவ்வளவு நல்லா எழுதினீங்க! இன்னைக்கு நடந்ததை நான் சமாளிச்சுக்கறேன். இனிமே குடிக்காதீங்க, அவ்வளவுதான். முன்ன மாதிரியே எழுதுங்க. பர்மனென்ட் பண்ணிடறேன். அடுத்த ஒயின் விவரம் மெயில்ல இருக்கு, இன்னைக்கே ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க" என்றாள்.

அவளை இறக்கிவிட்ட பிறகு நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "இன்னாத்துக்கு சாமி வாயைத் தொறந்த? கீதுன்னு சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா? இத்தினி நாளா சொல்லிக்கினுதானே இருந்த?"

"ருசி பாக்காமச் சொன்னா அது நம்பிக்கைடா மணி" என்றான். "பாத்துட்டுச் சொன்னா பொய்."

வண்டியை எடுத்தேன்.

அவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது குமுதவல்லி எல்லாவற்றையும் கேட்டாள். நானும் சொன்னேன். சட்டையை ஊறவைத்துவிட்டு வந்து, அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்தது?"

வெண்ணெய், பருப்பு, மழை விழுந்த கல் என்று அவன் ஆரம்பிப்பான், நாமும் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நான் காத்திருந்தேன்.

"நன்னா இருந்தது" என்றான்.

"அவ்வளவுதானா?"

"ரொம்ப நன்னா இருந்தது, குமுதா." கண் நிறைந்துவிட்டது. அத்தனை வருஷம் எழுதியது அத்தனையும் அதில் இருந்ததா இல்லையா என்று அவன் சொல்லவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிறகு லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வைஜயந்தி அனுப்பிய விவரம் வந்திருந்தது. ஷப்லி என்று வேறொரு வெள்ளை ஒயின். மண், மழை, வெயில், பீப்பாய் எல்லாம் இருந்தது. விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தவன், கடைசியில் ஒரே வரி அடித்தான். அடித்ததைக் குமுதவல்லியின் பக்கம் திருப்பினான். நானும் எட்டிப் பார்த்தேன்.

"நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் குடித்துப் பார்க்கவில்லை" என்று இங்கிலீஷில் இருந்தது.

பெரியவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. குமுதவல்லி அந்த வரியை ஒரு தடவை படித்தாள். உள்ளே குழந்தைகள் பாடம் படிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் ஒரு தடவை படித்தாள்.

"அனுப்புங்கோ" என்றாள்.

அவன் அனுப்பினான்.